சோழி புல் தின்னாமல் இருந்த 5 மாதம்

சோழி என் முயல். வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு 2 மாதம். சுருண்டு படுத்தால் சோழி மாதிரியே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். யார் வந்து கேட்டாலும், "நல்லா சாப்பிடுறா, கிண்ணத்தை வச்சா அஞ்சு நிமிஷத்துல காலி" என்று பெருமையாகச் சொல்வேன். கிண்ணத்தில் இருந்தது பெல்லட், அதாவது பொடித்து அழுத்திச் சின்னச் சின்னத் துண்டாக விற்கிற தீவனம். பக்கத்திலேயே ஒரு கம்பிக் கூடையில் உலர்புல் தொங்கும். திங்கட்கிழமை திணித்து வைத்தது ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து, "பரவாயில்லை, புல் செலவு மிச்சம்" என்று நினைத்தவன் நான். அந்த மிச்சமெல்லாம் பிற்பாடு ஒரே வாரத்தில் எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். அப்போது யாராவது என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் சோழி அவ்வளவு வலியைத் தாங்கியிருக்க வேண்டாம்.

குழப்பம் சொல்லிலேயே ஆரம்பித்தது. பொட்டலத்தில் 'ஹே' என்று போட்டிருப்பதற்கு நம் வாயில் வருகிற சொல் வைக்கோல். நானும் முதலில் ஒரு கட்டு வைக்கோலைத்தான் வாங்கிப் போட்டேன். அவள் அதன்மேல் படுத்துத் தூங்கினாள். அவள் செய்ததுதான் சரி, ஏனென்றால் வைக்கோல் படுக்கைக்குத்தான் ஆகும். தானியத்தை அடித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற தாள் அது; சத்தெல்லாம் கதிருக்குப் போயிருக்கும், மஞ்சளாகவும் உள்ளே குழலாகவும் இருக்கும். முயலுக்கு வேண்டியது புல்லைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து உலர்த்தியது. திமோத்தி, ஆர்ச்சர்டு, ஓட்ஸ் என்று பல வகை கிடைக்கிறது. காய்ந்த பிறகும் பச்சை நிறம் தெரியும், மூக்கருகே கொண்டுபோனால் இனிப்பாக ஒரு வாசனை வரும். இந்தக் கட்டுரையில் புல் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

அடுத்த தப்பு குதிரை மசால். அல்ஃபால்ஃபா என்று விற்கிறார்களே, அதுதான். சோழி அதை ஆசையாகத் தின்றாள், எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் குதிரை மசால் புல்லே இல்லை, பயறு வகைச் செடி. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளர்கிற குட்டிக்கு நல்லது. 6, 7 மாதத்துக்கு மேல் தினசரிச் சாப்பாடாக வைக்கக் கூடாது. முயலின் உடம்பு உபரிச் சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அதிகமானால் சிறுநீர்ப்பையில் வண்டலாகப் படியும். இது தெரிந்ததும் ஒரே நாளில் குதிரை மசாலை நிறுத்திவிட்டுத் திமோத்தி வைத்தேன். பழகிய ருசி போய்விட்டதால் அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 2, 3 வாரத்தில் மாற்றியிருக்க வேண்டும்.

சரி, புல் தின்னாவிட்டால் என்ன, பெல்லட்டில் இல்லாத சத்தா என்று எனக்கும் தோன்றியது. சத்து இருக்கிறது, அரைக்கிற வேலைதான் இல்லை. முயலுக்கு மொத்தம் 28 பல், அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளரும். புல்லைத் தின்னும்போது தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி அரைக்கும். கடைவாய்ப் பல் தேய்வது அந்த ஆட்டத்தில்தான். பெல்லட் வாயில் போட்டதும் நொறுங்கிவிடும், மேலும் கீழும் நாலு கடி கடித்தால் விழுங்கிவிடலாம். குடலுக்கும் இதே கதைதான். நீளமான நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் முயலின் குடல் ஓடும். நார் குறைந்தால் மெதுவாகும், ஒரு கட்டத்தில் நின்றேவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால்தான் தினசரிச் சாப்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு நான் செய்ததுதான் இன்னும் வேடிக்கை. அவளுக்குப் பிடித்த புல்லைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று வகை வகையாக வாங்கினேன். முதல் அறுவடைப் புல், தண்டு கெட்டியாக இருப்பது. இரண்டாம் அறுவடை, இலை கூடுதலாக இருப்பது. மூன்றாம் அறுவடை, பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பது. எல்லாம் பெரிய மூட்டை, சேர்த்து வாங்கினால் விலை குறைவு என்ற கணக்கில். மூன்றாம் அறுவடையை மட்டும் ஒரு வாரம் தின்றாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். மூட்டைகளைக் கடைசியில் ஓர் ஆட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் ஆடுகள் அரை நாளில் காலி செய்தன.

இந்த 5 மாதத்தில் என் கண் முன்னாலேயே சில அடையாளங்கள் இருந்தன. புல்லை ஆசையாக இழுப்பாள், இரண்டு மெல்லு மெல்லுவாள், அப்படியே கீழே போட்டுவிடுவாள். தாடைக்குக் கீழே முடி எப்போதும் ஈரமாக, திரித் திரியாக ஒட்டியிருக்கும். தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்துத் துடைத்துவிடுவேன். அது எச்சில். ஒரு கண்ணில் நீர் வடியும், தூசி என்று நினைத்தேன். கீரையில் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்குவாள், செல்லம் கூடிப்போச்சு என்று சிரித்தேன். சந்தேகம் வந்து ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனதும் உண்டு. அவர் உதட்டைத் தூக்கி முன்பல்லைப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அடம் பிடிக்குது" என்று அனுப்பிவிட்டார். முன்பல்லை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைவாய்ப் பல் முயலின் வாயில் வெகு உள்ளே இருக்கிறது, காதுக்குள் பார்க்கிற விளக்குக் கருவியை விட்டால்தான் ஓரளவு தெரியும். அதை அன்றைக்கே கேட்கத் தெரியாமல் போனது என் துரதிர்ஷ்டம்.

அடம் என்று மருத்துவரே சொன்ன பிறகு, அக்காவிடம் போனில் புலம்பினேன். அக்கா வீட்டில் நாய் வளர்ப்பவள். "பசிச்சா தன்னால திங்கும்டா. ஒரு நாள் அந்தக் கிண்ணத்தை எடுத்து உள்ள வை" என்றாள். இரவு 8 மணிக்குப் பெல்லட் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். நாய்க்கும் பூனைக்கும் ஒருவேளை சரியாக இருக்கலாம். முயலைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரவே கூடாது. சாப்பாடு நின்றால் குடல் நிற்கும், குடல் நின்றால் வலி வரும், வலி வந்தால் சாப்பாடு இன்னும் நிற்கும். கல்லீரலில் கொழுப்பும் சேர ஆரம்பிக்கும். அந்தச் சுழலுக்குள் போய்விட்டால் தானாக வெளியே வராது.

காலையில் புல் அப்படியே இருந்தது. அவள் கழிக்கிற தட்டில் நாலைந்து புழுக்கை, மிளகு அளவில், கறுப்பாக. கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் அந்தக் காலையை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது. மாலை 6 மணிக்கு வந்தபோது மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தாள், கண் பாதி மூடியிருந்தது. தட்டில் புதிதாக ஒரு புழுக்கைகூட இல்லை. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் அறை வாசலிலேயே கேட்டது. தடவிக்கொடுத்தால் முயல் சந்தோஷத்தில் மெல்லப் பல்லை உரசும், அது வேறு. இது வலியில் கடிக்கிற கடி. வாழைப்பழத் துண்டை மூக்கருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாழைப்பழத்துக்கு வீட்டையே சுற்றி வருகிறவள். அப்போதுதான் கைகால் நடுங்க ஆரம்பித்தது. இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது: 10, 12 மணி நேரம் சாப்பாடும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் அவசர சிகிச்சை. அது நள்ளிரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நான் 22 மணி நேரம் விட்டிருந்தேன்.

முயல் பார்க்கிற மருத்துவரைத் தேடியே ஒன்றரை மணி நேரம் போனது. போன் செய்த நாலு இடத்தில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். இதை முயல் நன்றாக இருக்கும்போதே தேடி எண்ணை எழுதி வையுங்கள். கடைசியில் கிடைத்த மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார், உடம்பு குளிர்ந்திருந்ததால் சூடு கொடுத்து, தோலுக்கடியில் திரவமும் வலி மருந்தும் ஏற்றினார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு பெல்லட் போடுறீங்க?"

"கிண்ணம் காலியானா நிரப்பிடுவேன் டாக்டர்."

"புல் எவ்வளவு திங்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. "புல் திங்காத முயல்னா ஒண்ணு வயிறு ரொம்பியிருக்கும், இல்ல வாய் வலிக்கும். உங்களோடதுக்கு ரெண்டும் இருக்குன்னு நினைக்கிறேன்" என்றார். மறுநாள், அவள் கொஞ்சம் தேறியதும், மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் உள்பக்க ஓரம் தேயாமல் முள் மாதிரி வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. எடுத்த படத்தைக் காட்டினார். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புண். 5 மாதமாக நான் வாங்கி வாங்கி நீட்டிய ஒவ்வொரு புல்லும் அந்தப் புண்ணில்தான் உரசியிருக்கிறது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

முள்ளைச் சுழலும் கருவியால் தேய்த்து எடுத்தார். இங்கே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் பட்டினி போடச் சொல்வது முயலுக்குப் பொருந்தாது, வாந்தி எடுக்கிற பிராணி இல்லையே. முந்தின நிமிடம் வரை சாப்பாடு பக்கத்தில் இருக்கலாம், பழகிய சாப்பாட்டைக் கையோடு கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். இன்னொன்று, அமாக்சிசிலின், பெனிசிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது, குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்து. வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அந்த வாரம் போனது என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல், கூடவே 4 நாள் விடுப்பு. பிறகு 6 நாள் ஊசியில்லா சிரிஞ்சில் ஊட்டினேன். புல்லைப் பொடித்து முயலுக்கென்றே விற்கிற மாவு இருக்கிறது, அதை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். முதல் நாள் பாதிக் கூழ் என் சட்டையில்தான். பிறகு கை பழகியது. துண்டில் சுற்றி, காலை ஊன்றி உட்காரவைத்து, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் பக்கவாட்டிலிருந்து சிரிஞ்சை நுழைத்து, ஒரு மில்லி ஒரு மில்லியாக. மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மல்லாக்கப் போட்டு ஊட்டினால் மூச்சுக் குழாயில் போய்விடும். மூன்றாம் நாள் விடியற்காலை தட்டில் உருண்டையாக 7 புழுக்கை கிடந்தது. சந்தோஷம் தாங்காமல் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "காலங்காத்தால இத எதுக்குடா எனக்கு அனுப்புற" என்று பதில் வந்தது. அடுத்த நிமிடமே போன் செய்து அவளும் அழுதாள்.

வாய் ஆறிய பிறகுதான் புல் பழக்குகிற வேலையே ஆரம்பித்தது. முதலில் பெல்லட்டை எடை போட்டேன். நாளைக்கு 110 கிராம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் வரைதான் போடலாம் என்றார் மருத்துவர். சோழி அப்போது 1.8 கிலோ, அதற்கு முன் 2.1 கிலோ. ஆக அவளுக்கு 40 கிராம் போதும். ஒரேயடியாகக் குறைக்காமல் 3 வாரத்தில் இறக்கினேன், அதுவும் புழுக்கையைப் பார்த்துப் பார்த்து. விதையும் காய்ந்த பழமும் வண்ண வண்ணமாகக் கலந்து வருகிற தீவனத்தை அடியோடு நிறுத்தினேன். அதில் இனிப்பைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடுவாள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முயல்களுக்கு வெவ்வேறு தீவனம் கொடுத்துப் பார்த்தபோதும் கலவைத் தீவனம் தின்றவை புல்லைக் குறைவாகத்தான் தொட்டனவாம். பிஸ்கட், ரொட்டி எல்லாம் போயின. கேரட் வாரத்துக்கு இரண்டு சிறு துண்டு, அதுவும் இனிப்புப் பலகாரக் கணக்கில்தான்.

புல் வைக்கிற விதத்தில் எனக்கு மிகவும் கைகொடுத்தது, செலவே இல்லாத ஒன்று. முயல் தின்றுகொண்டே புழுக்கை போடுகிற பிராணி. அதனால் அது கழிக்கிற தட்டிலேயே ஒரு ஓரத்தில் புல்லைக் குவித்தேன். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கே உட்கார்ந்த இடத்தில் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தாள். நான் ஆசை ஆசையாய் வாங்கிய கம்பிக் கூடை உயரமாகவும் இடுக்கு சிறியதாகவும் இருந்தது. கழுத்தை நீட்டி ஒவ்வொரு இழையாக உருவுவதற்கு யாருக்குத்தான் பொறுமை இருக்கும். கூடை இப்போது செய்தித்தாள் வைக்கப் பயன்படுகிறது.

அளவும் முக்கியம். அவள் உடம்பு அளவுக்கு ஒரு குவியல், தினமும். அதைக் காலையிலும் பொழுது சாயும்போதும் இரண்டு தடவையாக வைக்கிறேன், அந்த நேரங்களில்தான் முயல் சுறுசுறுப்பாக இருக்கும். மீதி இருக்கிற புல்லைச் சும்மா உதறிப் புரட்டிப் போட்டாலே புதிதாக வந்தது மாதிரி ஓடிவருவாள். பெல்லட் மாலையில் புல்லுக்குப் பிறகுதான். சில நாள் அந்த 40 கிராமையும் புல் குவியலுக்குள் தூவிவிடுவேன், தேடுகிற சாக்கில் புல்லும் வாய்க்குள் போகும். காய்ந்த புதினாவைக் கலந்தேன். ஒரு வாரம் தின்றாள், பிறகு புதினாவை மட்டும் பொறுக்கக் கற்றுக்கொண்டாள். காகிதச் சுருளின் அட்டைக் குழலில் புல்லைத் திணித்து வைத்தால் விளையாடிக்கொண்டே தின்னும் என்றார்கள், இவள் குழலைத் தின்றுவிட்டுப் புல்லை விட்டுவிட்டாள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி நிறையப் புல் வைத்தது நன்றாகவே வேலை செய்தது. உள்ளே புகுந்து படுத்துக்கொண்டு கூரையைத் தின்பாள்.

பச்சைப் புல் கிடைத்தால் அதுவும் புல்தான், பல்லுக்கு அதே வேலை செய்யும். மருந்து அடிக்காத இடத்தில், நாய் நடமாட்டம் இல்லாத இடத்தில் கையால் பறித்தது மட்டும். பழக்கமில்லாத முயலுக்கு ஒரு பிடியிலிருந்து ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். இயந்திரத்தில் வெட்டி விழுந்த புல்லைப் போடாதீர்கள், நசுங்கி உடனே புளிக்க ஆரம்பித்துவிடும், வயிறு உப்பிவிடும்.

வாங்கும்போது இப்போதெல்லாம் சிறிய பொட்டலமாக வாங்கி, அவள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பெரியது. பிரித்ததும் ஒரு பிடி எடுத்து உதறிப் பார்ப்பேன். தூசி பறந்தால் அவளுக்குத் தும்மல்தான். பூஞ்சை வாசனையோ கறுப்புத் திட்டோ இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப்போட்டு மீதியை வைக்கிற சிக்கனம் வேண்டாம், மொத்தமாகக் குப்பைக்கு. ஒருமுறை பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்தேன், உள்ளே வியர்த்து ஒரே மாதத்தில் கெட்டுவிட்டது. இப்போது அட்டைப் பெட்டியில், தரையில் படாமல், வெளிச்சம் நேரே விழாத இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து எடை பார்க்கிறேன். புழுக்கையைத் தினமும் பார்க்கிறேன். பெரியதாக, ஒரே அளவில், பழுப்பு நிறத்தில், விரலால் நசுக்கினால் உள்ளே புல் தூளாக உதிர வேண்டும். சிறுத்தாலோ, கறுத்தாலோ, முடியில் கோத்த மாலை மாதிரி வந்தாலோ அன்றைக்கே கவனிக்க வேண்டும். சோழி இப்போது 2.05 கிலோ. பல்லில் ஒருமுறை முள் வளர்ந்தால் மறுபடியும் வளரலாம் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிட்டு வருகிறேன். கடைசியாகப் போனபோது வலது பக்கம் லேசாக ஒரு கூர் தெரிகிறது, இப்போதைக்குத் தொட வேண்டாம், புல் அளவை மட்டும் குறைக்காதீங்க என்றார் மருத்துவர்.

இந்த வாரம் புதுக் கட்டு பிரித்தேன். தண்டு கொஞ்சம் அதிகம். முகர்ந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பழைய கட்டில் கடைசி இரண்டு பிடி மிச்சம் இருக்கிறது, அதைக் கலந்து வைத்திருக்கிறேன். இதோ இதை எழுதுகிற நேரத்தில் மேசைக்கடியிலிருந்து அரைக்கிற சத்தம் வருகிறது. பழையதைப் பொறுக்கித் தின்கிறாளா, புதியதையும் சேர்த்தா என்று குனிந்துதான் பார்க்க வேண்டும்.